நாங்கள் மறுத்தோம்

— மறுபடியும் பாரு, 'நாங்க'ங்கற. பதவி முந்தாநேத்தே முடிஞ்சுபோச்சு, லோரிஸ். சூப் வேணுமான்னு கேட்டா, 'நாங்க அப்புறம் சாப்பிடறோம்'ங்கற. நான் எத்தனை கிண்ணத்துல ஊத்தறது?

— ஆறு மாசப் பழக்கம், நீவெஸ். நாட்டுக்குத் தலைவர் ரெண்டு பேர், குரல் ஒண்ணு. பல் தேய்ச்சதைச் சொன்னாக்கூட ஒத்தாவியாவும் நானும் சேர்ந்து தேய்ச்ச மாதிரிதான் சொல்லணும்.

— வெல்வெட் உடுப்பைத் திருப்பிக் குடுத்தாச்சு. நாக்கை மட்டும் இன்னும் திருப்பி வாங்கல போலிருக்கு, மேதகு மாட்டு டாக்டர்.

— வந்துடும்.

— மாடு வந்துதா?

— ஒரு பூனை வந்துது.

— பக்கத்து வீட்டுப் பூனைதானே. வழி தவறி வந்திருக்கும்.

— காதுல புண்ணு. மருந்து போட்டேன்.

— ஒத்தாவியாவுக்கென்ன, அவ வக்கீல். அவகிட்ட யாரும் மாடு ஓட்டிட்டு வரப்போறதில்ல. உனக்குத்தான் பிழைப்பு போச்சு. காப்பிக் கடை எல்மோ இன்னிக்குக் கேக்கறான், ஆஸ்பத்திரியை வேண்டாம்னது உன் புருஷனா, அந்த அம்மாவான்னு. தெரியாதுன்னேன். கட்டின பொண்டாட்டிக்கே தெரியாதான்னு சிரிச்சான்.

— 'நாங்கள் மறுத்தோம்'னு அறிவிச்சாச்சு. அதுக்கு மேல சொல்லக் கூடாது. ஒருத்தர் வேண்டாம்னாலும் ரெண்டு பேரும் வேண்டாம்ன மாதிரிதான்.

— போன அக்டோபர்ல அந்தப் பெரிய நாட்டுத் தூதர் வந்தாரு, ஆஸ்பத்திரி கட்டித் தரேன்னாரு. அந்தச் சண்டையிலயே குளிர்காலத்துல அரசாங்கம் கவுந்துது. அப்புறம் தேர்தல். கோடை முழுக்க சபைல கூச்சல், கடைசில ஒரே ஓட்டுல தீர்மானம் ஜெயிச்சுது. மிச்சம் இருந்தது உங்க ரெண்டு கையெழுத்து. ஒரு வருஷம் நாடே பட்ட பாடு, உங்க மேஜைல வந்து படுத்துடுச்சு.

— அந்தத் தூதர் விருந்துல நம்ம நாட்டுப் பேரையே தப்பாத்தான் சொன்னாரு.

— சொல்லட்டுமே. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்கறவனுக்குப் பேரா முக்கியம்?

— அவங்க சும்மா தரல. உலக சபைல நம்ம ஓட்டைக் கேட்டாங்க. அவங்க நாட்டுக்குப் பக்கத்துல ஒரு தீவு இருக்கு. நம்மளவு சனம். அது நாடே இல்லன்னு நாம கை தூக்கணும். ஜூலைல அந்தத் தீவுக்காரர் ஒருத்தர் வந்து மாளிகைப் படிக்கட்டுல உக்காந்திருந்தாரு. மந்திரிங்க யாரும் பாக்கல.

— யார்தான் பாத்தது?

— நாங்க பாத்தோம்.

— தீவு எங்கயோ கிடக்கு, லோரிஸ். ஓர்ஃபியோ இங்க இருக்கான். என் தம்பி வாரத்துல மூணு நாள் எல்லை தாண்டிப் போய் டயாலிசிஸ் பண்ணிட்டு வரான். திரும்பி வர்ற வழியெல்லாம் வாந்தி. கார் ஓட்டறது நான்.

— தெரியும்.

— உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா? அவ வேண்டாம்னுட்டா, நீ வாயை மூடிக்கிட்டு அவளைக் காப்பாத்தற.

— சூப் ஆறுது.

— ஆறட்டும்.

— இன்னிக்குச் சாயங்காலத்தோட முடியுது, நீவெஸ். பதவி விட்டு இறங்கினவங்க மேல மூணு நாளைக்குள்ள யாரு வேணா புகார் குடுக்கலாம். இதுவரைக்கும் யாரும் குடுக்கலைன்னு நினைக்கறேன். மாளிகைக் கதவு மூடிட்டா அப்புறம் கேக்கறவங்க இல்ல. சனங்க மறந்துடுவாங்க. மாடு வரும்.

— குடுத்தா என்ன ஆகும்?

— விசாரணை. ரெண்டு பேரையும் தனித்தனியா நிக்க வெச்சு யார் என்ன சொன்னீங்கன்னு கேப்பாங்க. அங்க மட்டும் 'நாங்க' செல்லாது.

— எல்மோவும் அதையேதான் சொன்னான்.

— அவன் எதுக்கு அதைச் சொன்னான்?

— நான் கேட்டேன். கேட்டுட்டு நேரா மாளிகைக்குப் போனேன்.

— புகார் குடுக்கவா?

— குமாஸ்தா என் பேரை ரெண்டு தடவை கேட்டான். ரெண்டு தடவையும் சொன்னேன். உங்க ரெண்டு பேர் மேலயும்தான் குடுத்திருக்கேன். உன் பேரை மீட்க எனக்கு வேற வழி தெரியல. அவ எல்லார் முன்னாலயும் 'நான்தான்'னு சொல்லட்டும்.

— சூப்பை எடுத்துடு, நீவெஸ்.

— கோபமா?

— இல்ல.

— பின்ன என்ன?

— அன்னிக்கு ஒத்தாவியா பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருந்தா. ஓர்ஃபியோ பேரைச் சொல்லிச் சொல்லி எங்கிட்ட கெஞ்சினா. நான் மறுத்தேன்.