ஆத்திலாவின் பையில் ஒழுகிய டேங்க்

என் பெயர் நத்ரா பிந்தி கமாருடின். வயது பதினாறு. நான்காம் படிவ மாணவி. தாய் தந்தை இல்லை. தெலுக் இந்தான், பழைய படகுத்துறைச் சாலையில், என் தாயின் மூத்த அண்ணனான பாக் லோங்கின் வேப் (மின்சிகரெட்) கடைக்கு மேல்மாடியில், அவருடனும் என் அண்ணன் ஷஹ்ரிலுடனும் வசித்து வருகிறேன். அண்ணன் இப்போது உங்கள் போலீஸ் காவலில் இருக்கிறார். இதை இரவில், கதவைச் சாத்திக்கொண்டு, என் கையாலேயே எழுதுகிறேன்.

கடையில் டேங்க், அதாவது வேப்பில் புகைக்கும் திரவம் இருக்கும் சிறு கண்ணாடிக் குப்பி, நிரப்புவது அண்ணனின் வேலை. பள்ளி விட்டு வந்த பின் நானும் உதவுவேன். டேங்க்கைத் தலைகீழாகப் பிடித்து, காற்றுத் துளையை முதலில் அடைத்துவிட்டு, அடிமூடியைக் கழற்ற வேண்டும். நடுக்குழாய்க்குள் ஒரு சொட்டும் விழாமல், கண்ணாடிச் சுவரை ஒட்டித் திரவத்தை விட வேண்டும். விளிம்பு வரை நிரப்பாமல் சிறிது காற்றுக்கு இடம் விட வேண்டும். அதன் பிறகு ரப்பர் வளையம் மடங்காமல் இருக்கிறதா என்று பார்த்து, விரலால் மட்டும் மூட வேண்டும். நான் முதன்முதலில் அழுத்தித் திருகியபோது அண்ணன், "இது என்ன சம்பால் பாட்டிலா, முக்கித் திருகுறதுக்கு? வளையம் நசுங்கிப்போச்சுன்னா ஒழுகும்டி" என்றார்.

பாக் லோங்குக்குப் பொறுமை கிடையாது. அவர் வழிய வழிய ஊற்றி இடுக்கியால் இறுக்குவார். அவர் மூடியவை ஒழுகித் திரும்பி வந்ததால் நிரப்பும் வேலையை அவர் விட்டிருந்தார்.

நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு, பாக் லோங் பெயர் ஒட்டாத ஒரு திரவப் புட்டியைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதைத் தொடவில்லை.

"இது என்னான்னு எனக்குத் தெரியும், பாக் லோங். போதை கலந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்ற கடை இது."

"பெரிய ஹாஜியாரு. கை பட்டா தோஷமாக்கும்? நீ தொடாட்டி போ, எனக்கும் கை இருக்கு."

அதன் பிறகு அவரே நிரப்பினார்.

இந்தத் திங்கட்கிழமை, என் பக்கத்து இருக்கையில் அமரும் ஆத்திலா பள்ளிக் கழிவறையில் விழுந்து கிடந்தாள். அவளுடைய பையை நான்தான் எடுத்து வந்தேன். முன்பக்க உறை முழுவதும் பிசுபிசுவென்று நனைந்திருந்தது. கணக்குப் புத்தகத்தின் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. உள்ளே எங்கள் கடை டேங்க் இருந்தது. மருத்துவமனையில் ஆத்திலா இன்னும் கண் திறக்கவில்லை.

அதை நிரப்பியது அண்ணன் என்று பாக் லோங் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் கைப்பற்றிய அந்த டேங்க்கின் அடிமூடியைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதில் இடுக்கியின் பல் பதிந்திருக்கும். உள்ளே வளையம் நசுங்கியிருக்கும். அண்ணனும் நானும் இடுக்கியைத் தொடுவதில்லை.

இன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாக் லோங் அந்தப் புட்டியையும் காலி டேங்க்குகளையும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவன் உள்ள இருக்கான், இனிமே நீதான். நீ மூடுனா ஒழுகாது. ஒழுகியிருக்காட்டி இந்த வம்பே இல்ல." பிறகு, "சாப்பிடு, மீன் ஆறிடும்" என்றார்.

நான் அந்தப் புட்டியிலிருந்து ஒன்றே ஒன்றை நிரப்பினேன். அதைத்தான் இத்துடன் சுற்றி வைத்திருக்கிறேன். மற்றவற்றில் அண்ணன் வைத்திருந்த மாம்பழத் திரவத்தை விட்டேன். நிறம் ஒன்றுதான், வாசனை வேறு. நாளை கடை திறந்ததும் பாக் லோங் ஒன்றை இழுத்துப் பார்ப்பார். எப்போதும் பார்ப்பார். நான் மாற்றியது வாசனையிலேயே தெரிந்துவிடும். விடிந்ததும் இதை உங்களிடம் சேர்க்கச் சொல்லி, என் வகுப்பாசிரியை ரொஹானி டீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டு நான் பள்ளிக்குப் போவேன். மாலையில் திரும்பி வர எனக்கு வேறு வீடு இல்லை.

இதில் உள்ளவை நான் கண்டதும், கேட்டதும், என் கையால் செய்ததும் மட்டுமே. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. அண்ணன் பழக்கியபடி நான் விரலால் மூடிய, இத்துடன் உள்ள டேங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே வெள்ளைத் தாளை விரித்து வைத்துப் பாருங்கள். தாள் நனையாது.

(ஒப்பம்)
நத்ரா பிந்தி கமாருடின்