கிளினிக்கிலிருந்து மெசேஜ்

"மவுத்தான மனுசன கிளினிக்குக்கு வரச்சொல்லி திரும்பவும் மெசேஜ் வந்திரிக்கி, ராத்தா."

கற்பிட்டி வீதியில் காலை பஸ். எனக்கு முன் இருக்கையில் கண்டக்குழியில் ஏறிய அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கையின் கையில் இறந்துபோன கணவருடைய போன்.

"அவர் மவுத்தானது அவங்களுக்குத் தெரியாதா?"

"மவுத்தானது கொழும்பு ஆஸ்பத்திரியிலதானே. அந்தக் கம்பியூட்டர்ல இருக்கிறது இந்தக் கம்பியூட்டருக்கு வராதாம். இதுல அவர் இன்னமும் சீனி வருத்தக்காரர்தான்."

"இனி எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே மாதிரி செய்யப் போறாங்களாம், மகன் சொன்னான். ஒரு இடத்துல பதிஞ்சா எல்லா இடத்துலயும் தெரியுமாம்."

"அப்ப மெசேஜும் நிண்டுரும்."

"நிக்கத்தானே வேணும். நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ள இத்தா இருந்து முடிஞ்சு வெளிக்கிட்டதும் சொல்லத்தான் போனேன். சனத்துக்குள்ள இருந்தேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து 'நிசாம்தீன்' எண்டு சத்தமாக் கூப்பிட்டா. திரும்பவும் கூப்பிட்டா. வீட்டுல பிள்ளைகள் வாப்பா எண்டுதான் சொல்லுவாங்க. நானும் அவர்ட பேரச் சொன்னதில்ல. அந்தப் பேர ஒராள் கூப்பிட்டுக் கேட்டு எவ்வளவு நாள். சொல்ல வந்ததச் சொல்லாமலே எழும்பி வந்துட்டேன்."

அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் பாலாவிச் சந்தியைத் தாண்டியது.

"இண்டைக்காவது சொல்லிருவியா?"

"ஓம், ராத்தா. அதுக்குத்தானே உங்களயும் கூட்டிக்கிட்டு வாறேன்."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்க எழுந்தபோது, தங்கை மெதுவாகச் சொன்னாள்.

"ஒருக்கா அவர்ட பேரக் கூப்பிடட்டும். பொறகு சொல்றேன்."