புகாரே இல்லாத மூன்று மாதங்கள்

விழாவுக்குத் தலைமையேற்று, எனக்கு ஐந்தே நிமிடம் என்று சீட்டும் அனுப்பியிருக்கும் ஆணையர் அவர்களே! முன்வரிசையில் மலர்ச்செண்டோடு மலர்ந்திருக்கும் என் மேலாளர் அவர்களே! பொறுமையே உருவான பெரியோர்களே! குடத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கோபத்தை மட்டும் கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே! கணினிப் பிரிவில் குப்பை கொட்டும் அடியேனின் வணக்கம்.

'மூன்று மாதங்களாக ஒரு புகாரும் வராத குடிநீர் அலுவலகம்' என்று இந்தக் கேடயத்தில் பொறித்திருக்கிறார்கள். தண்ணீர் தேனாக ஓடியதா? இல்லை. குழாய்கள் குணமடைந்தனவா? இல்லை. பிறகு யாரால் வந்தது இந்தப் பெருமை? என்னால் வந்தது! ஐயா, அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள், முழுவதும் கேளுங்கள்.

முன்பெல்லாம் இணையத்தில் புகார் வந்தால், ஹார்ட் டிஸ்க் என்னும் கணினி வட்டில் கோப்பாக எழுதுவோம். ஆமை வேகம் என்றார் மேலாளர். ஸ்கிரிப்ட் மொழியில் நாற்பது வரி நிரல் எழுதினேன். வட்டை விட்டுவிட்டு, கணினியின் நினைவகத்திலேயே ஒரு தடம் திறந்தேன். கோப்பைப் போலவே அதிலும் எழுதலாம், படிக்கலாம். மின்னலாய் ஓடும், மின்சாரம் போனால் மறையும்; அதனால் அந்தக் கணினியை அணைக்கவே மாட்டோம். தினமும் மாலையில் அதைப் படித்து அறிக்கை அச்சாகும். அறிக்கையில் என்ன இருந்தது? வெள்ளைத்தாள்! "ஜீரோ! பாத்தியா நம்ம வேலைய?" என்று மேலாளர் என் முதுகில் தட்டினார். நானும் நம்பினேன். பாராட்டு கிடைக்கும்போது எவன் தன் நிரலைச் சந்தேகிப்பான்?

நேற்றுக் காலை ஒரு தையற்கார அம்மா என் சன்னலுக்கு வந்தார்.

"தம்பி, பதினோரு தடவ எழுதிட்டேன். படிக்கிறீங்களா இல்லையா?"

"ஒண்ணுகூடப் பதிவாகலையேம்மா."

"அப்ப எழுதினதெல்லாம் எங்க போச்சு?"

எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை! அந்தத் தடத்துக்குள் ஒரு முள் உண்டு. எழுத எழுத அது நகர்ந்து, எழுதி முடித்த இடத்தில் நிற்கும். தொடக்கத்துக்குத் திருப்பாமல் படித்தால், பதிவு செய்த ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டாமல் கேட்டது போலத்தான், மௌனம் மட்டுமே கிடைக்கும். திருப்பும் அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. நாம் மூன்று மாதமாகக் கொண்டாடியது அந்த மௌனத்தை!

ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னேன்.

"விழா நேரத்துல எதுக்குய்யா கிளறுற? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சுத்தமாயிடும்."

"மொத்தமும் அழிஞ்சிடும் சார்."

"அதத்தான்யா நானும் சொல்றேன்!"

உத்தரவை மீறுவேனா? அணைத்தேன். அணைப்பதற்கு முன், முள்ளைத் தொடக்கத்துக்குத் திருப்பி, இருந்ததையெல்லாம் வட்டில் எழுதி, அச்சும் எடுத்துவிட்டேன். மேலாளர் ஐயா, அணைப்பதற்கு முன் எதுவும் செய்யக்கூடாது என்று நீங்கள் சொல்லவில்லையே! இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு புகார்கள். இதோ, என் கையில்.

தையற்கார அம்மா கடைசி வரிசையில் இருக்கிறார். அம்மா, நீங்கள் பதினொன்று என்றீர்கள். இதில் பதினேழு இருக்கிறது. முதலாவது: 'குழாயில் சாக்கடைத் தண்ணீர் வருகிறது.' ஆறாவது: 'மகளுக்குக் காய்ச்சல்.' ஒன்பதாவது: 'மகளை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், தயவுசெய்து யாராவது வந்து பாருங்கள்.' எவரும் போகவில்லை, அம்மா. நான் எழுதாத ஒரு வரியால் போகவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதினேழாவது, முந்தாநாள் எழுதியது: 'மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பது?'

ஆணையர் அவர்களே, கேடயத்தைத் திருப்பித் தருகிறேன். பதிலுக்கு இந்தப் புகார்க் கட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது, தெரிகிறது. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அந்த அம்மா பதிலுக்காக எழுந்து நிற்கிறார். ஒலிவாங்கியை உங்களிடமே தருகிறேன். வணக்கம்.