ஒரே நாளில் மூன்று கம்பெனி

ஸ்கூடாய் நகரில் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் தன்னுடன் வந்த மூத்தவளிடம் பொருமினாள்: "இன்னிக்கு மட்டும் நான் மூணு கம்பெனில வேலை செஞ்சேன்க்கா."

"என்னடி உளர்ற?"

"எங்க பயோடெக் பார்க்கைப் பார்க்க முதலீடு போடுறவங்க வந்தாங்க. பாதி லேப் காலி லா. ஆளு இருக்குற மாதிரி காட்ட, பார்க் ஆபீசர் என்னை வெள்ளை கோட்டோட கட்டடம் கட்டடமா ஓட விட்டாரு. முதல்ல பாசி வளர்க்குற கம்பெனி, அப்புறம் என்சைம், கடைசியா தடுப்பூசி."

"அலமாக்! மூஞ்சி தெரியாதா அவங்களுக்கு?"

"தெரிஞ்சிடுச்சே! மூணாவது கட்டடத்துல ஒருத்தர், 'உங்கள பாசி லேப்ல பார்த்தேனே'ன்னாரு. அங்கயும் வேலை செய்றேன், இங்கயும் வேலை செய்றேன்னு வாய்க்கு வந்தத சொன்னேன்."

"திட்டினாரா?"

"திட்டியிருந்தா நிம்மதியா போயிருக்கும். ஒரே சந்தோஷம் அவருக்கு! கம்பெனிங்க ஆளுங்கள பகிர்ந்துக்கிட்டா, தொழில் இங்க வேர் பிடிச்சிடுச்சுன்னு அர்த்தமாம். அடுத்த மாசம் இன்னும் பத்து பேரைக் கூட்டிட்டு வர்றாராம்."

பஸ் வந்து நின்றது. கார்டை எடுக்கக் கைப்பையைத் துழாவியவள், ஒரு சாவிக்கொத்தை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"நாலாவது கட்டடம்க்கா. ஆபீசர் இப்பவே குடுத்துட்டாரு."