மயில் திரும்புகிற நேரம்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்குப் பின் சீட்டில் ஒரு பெண் சொன்னாள்.

"மயிலு கழுத்தைத் திருப்புறதுக்குள்ள அடுப்புல சோறு வெந்துடுதுங்க."

திரும்பிப் பார்த்தேன். பழைய வேட்டியில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி அவள் மடியில் இருந்தது. பக்கத்தில் அவள் கணவர். பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள் என்பதும், மயில் அதில் அவள் வரைந்தது என்பதும் பேச்சில் புரிந்தது.

"அதுக்குன்னு பெட்டியையே தூக்கினு வருவாங்களா? பஸ்ஸே நம்மள பாக்குது."

"பாக்கட்டும். போன தடவ, படம் சீக்கிரம் திரும்பட்டும்னு நீங்க தனியா போயி வாங்கினு வந்த கிராபிக்ஸ் கார்டு இதுல சொருகவே முடியல. பிளவுஸ் துணி எடுக்கறப்ப புடவையைக் கையோட எடுத்துகினு போறோம் இல்ல? அது மாதிரிதான்."

"புது மாடல்னு கடைக்காரன் சொன்னான்."

"நம்ம பெட்டி பழசு. வெல கம்மியா, இதுல உட்கார்ற கார்டா இருந்தா போதும். கடையிலயே மாட்டி, மயிலைத் திருப்பிப் பாத்துட்டுதான் வாங்கணும்."

"அப்பவும் ஆவலன்னா?"

"ஆவும். வெள்ளிக்கிழமைக்குள்ள முந்தானையை முடிச்சுக் குடுத்தா, மாசா மாசம் வேலை தரேன்னு முதலாளி சொல்லிகிறாரு. வேகம் மட்டும் வந்துட்டா முடிச்சுடுவேன்."

கண்ணமங்கலம் தாண்டி, பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்கி ஏறியது.

"இப்டி குடு," என்று அவர் பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "மயிலுக்கு அடி படப் போவுது."