என் பொண்ணு போட்ட ஊசி

— இது ரத்தம் இல்லப்பா. மறுபடியும் சொல்றேன், ரத்தம் இல்ல.

— அதான பாத்தேன். கண்ணாடி கிழிச்சு ஒரு வாளி ரத்தம் போயிருக்கு, நீங்க தண்ணிய ஏத்திட்டு இருக்கீங்க.

— தண்ணியும் இல்ல. ரத்தம் நிறைய போனா குழாயெல்லாம் தொய்ஞ்சு, பிரஷர் இறங்கிடும். இந்த மருந்து உள்ள போய் அந்த இடத்த நிரப்பி நிக்கும். ரத்தம் ஏற்பாடாகுற வரைக்கும்.

— புதுக் கண்ணாடி வர்ற வரைக்கும் ஜன்னல்ல அட்டை அடிச்சு வெப்போமே, அந்த மாதிரி.

— அப்படியே வெச்சுக்கோங்க. கிட்னி, இதயம், ஏதாவது கோளாறு உண்டா?

— என்னையா கேக்குற? உனக்குத் தெரியாதா?

— தாள்ல இருக்கு, எல்லார்கிட்டயும் கேக்கணும். நீங்க மயக்கத்துல வந்தப்ப அம்மாகிட்ட கேட்டாங்க.

— என்ன சொன்னா?

— கோளாறு நாக்குல மட்டும்தானாம்.

— எழுதிக்கிட்டீங்களா?

— அதுக்குத் தாள்ல இடம் இல்ல. இப்ப கவனிங்க. அரிப்பு, தடிப்பு, குளிர் நடுக்கம், மூச்சு இறுக்கம், முகவீக்கம். எது வந்தாலும், துளி வந்தாலும், உடனே இந்த மணிய அமுக்கணும். பொறுத்துக்கக் கூடாது. சொல்லுங்க பாப்போம்.

— அரிப்பு, தடிப்பு, நடுக்கம், மூச்சு, வீக்கம். மணி. முப்பது வருஷமா அளவ எழுதி வெக்காமலே கண்ணாடி அறுக்கிறவன்மா நான்.

— அதான் கை கிழிஞ்சிருக்கு. எதிர்க் கட்டிலப் பாத்துட்டு வந்துடறேன்.

— பாத்தீங்களா வாத்தியாரே? என் பொண்ணு.

— நீங்க கண் முழிச்சு இருபது நிமிஷம் ஆகுது கண்ணாடிக்காரரே. இது எட்டாவது தடவை. எனக்குக் கால்லதான் முறிவு, காது நல்லாத்தான் இருக்கு.

— முழிச்சுப் பாக்கறேன், கையில ஊசி, பக்கத்துல அவ. ஒரு வலி உண்டா, ஒரு வீக்கம் உண்டா! வேலைக்குச் சேந்து இன்னைக்குத்தான் மூணாவது நாள். என்ன கைங்கறீங்க!

— நல்ல கைதான். கழுத்த எதுக்கு அப்படிச் சொறியறீங்க?

— கொசு.

— பகல் பதினோரு மணிக்கு, மூணாவது மாடியிலயா?

— உங்களக் கடிக்கலியா?

— இப்ப வயிறு. இப்ப சீப்ப எடுத்து முதுகு. மணிய அமுக்குங்க சார்.

— மெதுவாப் பேசுங்க! அமுக்கினா பெரிய டாக்டர் வருவார். யார் போட்டதும்பார். மூணாம் நாளே பெத்த அப்பனுக்குப் போட்டுத் தடிச்சுப்போச்சுன்னு ஆஸ்பத்திரி பூரா பேசும். அரிப்புதானே, தாங்கிக்கிறேன்.

— பெருமைக்காகச் சாகறவங்கள வரலாற்றுப் பாடத்துல நடத்தியிருக்கேன். பக்கத்துக் கட்டில்ல இப்பதான் பாக்கறேன்.

— சிரிக்க வெக்காதீங்க. மூச்சு... மூச்சு இறுக்குது.

— சிஸ்டர்! ஓடி வாங்க! உங்கப்பா மறைக்கிறார்!

— அப்பா? சட்டையத் தூக்குங்க... அய்யோ. எவ்வளவு நேரமா?

— ஒண்ணுமில்ல பாப்பா, சும்மா...

— நாலு நிமிஷமா சிஸ்டர். கொசுன்னு கத விட்டார்.

— மருந்த மூடியாச்சு. டாக்டர்! மூணாம் கட்டில்! தடிப்பு, மூச்சு இறுக்கம்! அப்பா, என்னைப் பாருங்க. இந்த ஆக்சிஜன் மாஸ்க் மூக்குல இருக்கட்டும். மெதுவா இழுங்க. விடுங்க. பேசாதீங்க. உங்க வாழ்க்கையில ஒரே ஒரு தடவ பேசாதீங்க.

— டாக்டர் வந்துட்டார் சிஸ்டர்!

— ஊசி போட்டுட்டார் டாக்டர். இழுங்க. விடுங்க. அப்படித்தான்.

— சிஸ்டர், முகத்துல கொஞ்சம் நிறம் வந்திருக்கு.

— ஆமா சார். தடிப்பும் இறங்குது. அப்பா, இப்ப எப்படி இருக்கு?

— நல்லா இருக்கும்மா. டாக்டர் உன்னத் திட்டினாரா?

— சீக்கிரம் பாத்தேன்னு சொன்னார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உங்களத் திருப்பிக் கொண்டுவர்றது கஷ்டம்னார். அஞ்சு விஷயம் சொன்னேன், அஞ்சையும் ஒப்பிச்சீங்க. அப்புறம் ஏன்ப்பா மறைச்சீங்க?

— நீ போட்ட ஊசிம்மா. உன் பேர் கெட்டுடக் கூடாதுல்ல.

— சொந்தக்காரங்களுக்கு ஊசி போட இங்க யாரையும் விடமாட்டாங்கப்பா. போட்டது மூத்த சிஸ்டர். நிறுத்தினதுதான் நான்.