இரும்பு விரியும் சத்தம்

கன்டெய்னரை வாங்கி வீட்டுக்குப் பின்னால் வைக்கிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, அதை அப்படியே மண்ணில் இறக்கிவிடுவது. இரண்டு மழை போதும், அடித்தகடு அரித்துப் போய்விடும். நாலு மூலையிலும் கான்கிரீட் கட்டை போட்டு, தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு பூனை நுழைந்து போகிற அளவுக்கு இடம் விடவேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். மட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு நூல்கூடப் பிசகியிருக்காது.

துறைமுகத்தில் ஆயுசு முழுக்க கிரேன் ஓட்டினவன் நான். இந்தப் பெட்டிகளைக் கணக்கு வழக்கில்லாமல் தூக்கி இறக்கியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கென்று ஒன்று வந்தது. அதுவும் எனக்காக இல்லை, மாப்பிள்ளைக்காக.

என் மனைவி போன பிறகு, அப்பா ஒண்டியாக இருக்க வேண்டாம் என்று மகள் குடும்பத்தோடு என்னிடம் வந்துவிட்டாள். கூட மாப்பிள்ளை, என் பேத்தி. பேத்தியைக் குருவி என்றுதான் கூப்பிடுவோம், வாய் ஓயாது. மாப்பிள்ளை நாற்காலி செய்கிறவர். கூடத்திலேயே வைத்து இழைப்பார். மரத்தூள் பட்டுக் குருவிக்கு இருமல் வந்தது. வேறு வீடு பார்க்கலாமா என்று அவர்கள் இருவரும் சமையலறையில் குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. மறுநாளே போய்ப் பழைய கன்டெய்னர் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். என்னோடு வேலை பார்த்தவன் ஒருத்தன் கிரேனைக் கொண்டுவந்து மதிலுக்கு மேலாகத் தூக்கி இறக்கிக் கொடுத்தான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. குருவி கைதட்டினாள்.

அதைப் பட்டறையாக மாற்றிய மாதங்கள் மாதிரி நான் சந்தோஷமாக இருந்த காலம் வேறு இல்லை. பக்கத் தகட்டில் ஜன்னலுக்கு அளவெடுத்து நான் வெட்டினேன். உள்ளே மாப்பிள்ளை மரச்சட்டம் அடித்தார். சட்டங்களுக்கு நடுவில் நுரை அட்டையைத் திணித்து, மேலே பிளைவுட் போட்டு மூடினோம். அப்படிச் செய்தால் ரம்பச் சத்தம் வெளியே போகாது, அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கதவுக்கு மட்டும் ஒன்றும் அடிக்கவில்லை, எடை கூடினால் கீல் இறங்கிவிடும். கூரையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெறும் தகடாகவே விட்டுவைத்தோம்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். எனக்குப் பேச்சே கத்தல்தான், துறைமுகத்தில் பழகிய தொண்டை. "மாமா, நீங்க இன்னும் கிரேன் மேலயே உக்காந்துதான் பேசுறீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்பார். ஒரு நாளும் முகம் கோணியதில்லை.

சட்டமெல்லாம் அடித்து முடித்த சமயம், ஒரு மத்தியானம் வேலை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். வேறு ஊரில் அவருடைய கூட்டாளி பெரிய பட்டறை வைக்கிறானாம். இவரையும் பங்குக்குக் கூப்பிடுகிறானாம். குருவிக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கிளம்புவதாக ஏற்பாடு.

"நீங்களும் வந்துடுங்க மாமா. அவளும் அதைத்தான் சொல்றா. உங்களுக்குன்னு தனியா ஒரு ரூம் பார்த்திருக்கோம்."

நான் எப்படிப் போவது? சொந்த வீடு வைத்திருக்கிற மனிதன் மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? அதை அவரிடம் சொல்லவில்லை. சரி மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னேன். எனக்குக் கோபமே வரவில்லை. நீங்கள் திரும்பத் திரும்பக் கோபத்தைப் பற்றியே கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

அடுத்த நாள் ஜன்னலை அடைத்தேன். சாரல் அடிக்கிறது, நல்ல மின்விசிறியாக வாங்கி வைத்து அப்புறம் திறந்துகொள்ளலாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். வெட்டியெடுத்த தகடு என்னிடம் பத்திரமாக இருந்தது. அவரே கையுறை மாட்டிக்கொண்டு தகட்டைப் பிடித்துக்கொள்ள, நான் சுற்றிலும் வெல்டிங் வைத்தேன். உள்பக்கம் பிளைவுட்டையும் அவரே அளந்து வெட்டி அடித்தார். போன மழையில் சாரல் அடித்தது உண்மைதான். அடுத்த மழைக்கு இன்னும் நெடுநாள் இருந்தது என்பதும் உண்மைதான்.

ஊருக்குப் போகிறவர்தானே, வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போயிருக்கலாம். விடவில்லை. "முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன் மாமா. நாங்க போனாலும் நீங்க உள்ள உக்காந்து ஏதாவது செஞ்சுக்கிட்டு இருக்கலாம். பொழுது போகும்ல" என்றார். எனக்குப் பொழுது போகவேண்டுமாம். அந்தச் சொல்லை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கூரையை விட்டால், கடைசியாக மிச்சமிருந்தது தரைக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. நல்ல வெயில் நாளாகப் பார்த்து ஆரம்பித்தார். தின்னர் கலந்த பெயின்ட், நெடி மூக்கைத் துளைத்தது. உள்கோடியிலிருந்து வாசல் பக்கமாகப் பின்னால் நகர்ந்தபடி அடித்துக்கொண்டு வந்தார். முதுகு என் பக்கம். "கதவை நல்லாத் திறந்து வைங்க மாமா, தலை சுத்துது" என்றார்.

நான் சாத்தினேன்.

கன்டெய்னர் கதவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. சாத்தினால் மட்டும் பூட்டிக்கொள்ளாது. நெட்டுக்குத்தாக நிற்கிற கம்பியைக் கைப்பிடியோடு திருப்பி, அந்தக் கைப்பிடியைத் தூக்கிக் கொக்கியில் உட்காரவைக்க வேண்டும். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கிறது, காற்றுக்கூட நுழையாது. உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது. சரக்குக்கு அந்த வழி தேவைப்படுவதில்லை. உள்ளே போனுக்கு சிக்னல் எடுக்காது என்று அவரே முன்பு குறைபட்டிருக்கிறார்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும், தனியாக உட்கார்ந்து யோசிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவேண்டாமா?

முதலில் மாமா, மாமா என்று கூப்பிட்டிருப்பார் போல. சுவரெல்லாம் நுரை அட்டை அடைத்திருந்ததால் குரல் சரியாகக் கேட்கவில்லை. நாங்கள் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தோம். பிறகு எதையோ வைத்துக் கதவில் தட்ட ஆரம்பித்தார். வெறும் இரும்பு, அது கேட்டது. நான் வீட்டுக்குள் போய்க் கைகால் கழுவினேன். மகளிடம், மாப்பிள்ளை மரக்கடைக்குப் போயிருக்கிறார், வர நேரமாகும் என்றேன். குருவிக்குச் சாதம் ஊட்டினேன்.

மகள் துவைத்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கொடி, பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நானும் பின்னாலேயே போனேன். ஒரு சட்டையை உதறிப் போட்டவள் அப்படியே நின்றாள்.

"அப்பா, பட்டறையில என்னமோ சத்தம் கேக்குதே?"

"இரும்புதாம்மா. வெயில்ல விரியுது. அப்படித்தான் தட்டும்."

துறைமுகத்தில் இருந்தவன் சொன்னால் அவள் நம்பாமல் இருப்பாளா? நான் சொன்னது பொய்யும் இல்லை. வெயிலில் இரும்பு விரியும், சாயங்காலம் சுருங்கும், இரண்டுக்கும் சத்தம் உண்டு. அவள் மிச்சத் துணியையும் காயப்போட்டாள். மாப்பிள்ளையின் சட்டைகள் இரண்டு இருந்தன. காலர் மடங்காமல் இழுத்துவிட்டாள். அவ்வளவு நேரமும் அது தட்டிக்கொண்டுதான் இருந்தது. வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் பதறிவிடக் கூடாதே என்றுதான் நான் அப்படிச் சொன்னேன்.

அப்போதே திறந்திருக்கலாம் என்கிறீர்கள். திறந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? அன்றைக்கே கிளம்பியிருப்பார்கள். வெயில் தாழட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தட்டுகிற சத்தம் இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

சாயங்காலம் திறந்தேன். கதவோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பெயின்ட் டப்பாவின் மூடியைக் கையில் பிடித்திருந்தார், விளிம்பு நசுங்கியிருந்தது. கதவின் உள்பக்கம் முழுக்கப் பெயின்ட் படிந்த கைத்தடங்கள். இடுப்புயரத்தில் ஆரம்பித்துக் கீழே கீழே வந்திருந்தன. மகள் இதைப் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று தோன்றியது. தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். அது முடிந்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன்.

மரக்கடைக்குப் போய்விட்டு வந்து நமக்குத் தெரியாமல் வேலையை ஆரம்பித்திருப்பார், காற்றில் கதவு சாத்திக்கொண்டிருக்கிறது என்றேன். அழுகிற வீட்டில் யாரும் கதவைப் போய் ஆராய்வதில்லை. உங்கள் ஸ்டேஷன் ஆட்களும் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும்தான். மகள் ஊருக்குப் போகிற பேச்சை எடுக்கவில்லை. நான்தான் சமைத்தேன், குருவியைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், கூட்டிவந்தேன். வீடு வீடாக இருந்தது. பெட்டி மட்டும் தினமும் பொழுது சாயும்போது தட்டியது. குருவி விளையாட்டை நிறுத்திவிட்டு, "தாத்தா, யாரு?" என்பாள். இரும்புதான் கண்ணு என்பேன். கதவைத் திறந்து இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டிவைத்தேன், சத்தம் நிற்கவில்லை. உள்ளே போய் நின்று பார்த்தேன். நின்றால் தட்டாது, படியேறி வீட்டுக்குள் வந்தால் தட்டும். கூரைக்கு ஈரச் சாக்குப் போட்டேன். அப்புறம் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டேன். பஞ்சுக்கு உள்ளேயும் கேட்டது. இவ்வளவு வருஷம் இரும்போடு புழங்கியவனுக்கு இரும்பைப் பார்த்துப் பயம் வருமா? தூக்கம்தான் கொஞ்சம் குறைந்துபோயிற்று.

போன வாரம் மகள் என்னைப் பெட்டிக்கு அழைத்துப் போனாள். கயிற்றை அவளே அவிழ்த்தாள். கதவைத் தள்ளிச் சாத்தினாள், அது திரும்பித் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினாள், மறுபடி திறந்தது. கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே போய், காய்ந்த தரையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"சாத்துங்கப்பா. சாத்திட்டு வெளியில நில்லுங்க. நான் உள்ள இருந்து தட்டுறேன். அன்னைக்கு நாம கேட்டது இதே சத்தமான்னு சொல்லுங்க."

நான் கைப்பிடியைத் தொடவில்லை.

"ஏம்ப்பா சாத்த மாட்டேங்கறீங்க?"

"வேணாம்மா. உள்ள மூச்சு முட்டும்."

அவள் உடனே அழவில்லை. மெதுவாகக் கேட்டாள். "நான் துணி காயப்போட்டப்ப அவர் உயிரோட இருந்தாரா?"

வெயில் ஏறுது, உள்ளே போகலாம் வா என்றேன். அவள் என்னைத் தொடாமல், கதவோரமாக ஒதுங்கி வெளியே வந்தாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தியது நான். கைப்பிடியைக் கொக்கியில் உட்காரவைத்தது நான். தட்டுவது கேட்டும் திறக்காமல் இருந்ததும் நான்தான். ஜன்னலை அடைக்கும்போதே மனதில் இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கலாம். ஆனால் அவர்மேல் நான் கை வைக்கவில்லை. ஒரு கடுஞ்சொல்கூடச் சொன்னதில்லை. குடும்பம் சிதறிப் போகாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்குக் காலையில் மகள் பெட்டி படுக்கையோடு குருவியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள் என்று சொல்கிறீர்கள். உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். கோபம் வந்தால் அவள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், கண்ணில் படாமல் எங்காவது போய் உட்கார்ந்துகொள்வாள், பொழுது சாய்ந்தால் தானாக வந்துவிடுவாள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். நான் போய் வாசல் விளக்கைப் போட வேண்டும். வீடு இருட்டாக இருந்தால் அப்பா இல்லை என்று நினைத்துக்கொண்டு குழந்தையோடு வெளியிலேயே நிற்பாள்.